“நல்லா இருக்கேன், ஸார்!”

ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் போடவில்லை. விஷயத்தை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

“எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருபத்திரண்டு வருஷம் இருந்துட்டு 2022-ல நாயக்கா ரிலீஸ் ஆகி வந்தார். வலது தோள்பட்டை மூணு தடவை கழண்டு இருக்குது. முதுகுல டிஸ்க்கும் போச்சு. ராத்திரி புரண்டு படுக்க முடியலை. கேட்டா, ‘மாசா மாசம் பென்ஷன் வருதே, அப்புறம் என்ன?’ன்னு வாயை அடைச்சுடுவார். போன மாசம் ரேஷன் கார்டைத் தேடி அவரோட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில ஒரு இங்கிலீஷ் லெட்டர். என் தம்பி பொண்ணு படிச்சுச் சொன்னா. தோளுக்கு 20, முதுகுக்கு 20, ரெண்டும் சேர்த்து 40 பெர்ஸென்ட்டாம். ஆனா ரெண்டும் சர்வீஸால வந்ததில்லை, அதனால டிஸெபிலிடி பென்ஷன் கிடையாதாம். ஒத்துக்கலைன்னா ஆறு மாசத்துல அப்பீல் பண்ணலாம்னு கீழே போட்டிருக்குது. லெட்டர் வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு அம்மா. நான் கேட்டா, ‘பட்டாளத்துக்காரன் தன்னை நொண்டின்னு சொல்லி மனு போடுவானா?’ன்னு கோவிச்சுக்கறார். இனிமே ஏதாவது பண்ண முடியுமா?”

முடியும், சகோதரி. தாமதமாகிவிட்டது வாஸ்தவம். ஆனால் கதவு இன்னும் சாத்தப்படவில்லை.

உங்களுக்கு மட்டும் இதைத் தனியாக எழுதி அனுப்பாமல் இந்தப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வேலூர், திருவண்ணாமலைச் சீமையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்கள் எத்தனையோ. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள். இந்த ஊர்களில் எத்தனை டிரங்குப் பெட்டிகளின் அடியில் இதே மாதிரிக் கடிதம் கிடக்கிறதோ! அதைத் தேடி எடுக்கக்கூடியவர் பெரும்பாலும் வீட்டுக்காரி ஒருத்திதான்.

முதலில் அந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது ‘ரிலீஸ் மெடிக்கல் போர்டு’ என்று ஒன்று கூடி உடம்பைப் பரிசோதிக்கும். அதன் அறிக்கையை ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற பாரத்தில் எழுதுவார்கள். அதில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருக்கும். ஊனம் எத்தனை பெர்ஸென்ட் என்பது ஒன்று. அது படைப்பணியால் உண்டானதா, அல்லது படைப்பணியால் அதிகமானதா என்பது மற்றொன்று. பெர்ஸென்ட் 20-ஆவது இருக்க வேண்டும். அத்துடன், ‘உண்டானது’ அல்லது ‘அதிகமானது’ என்ற இரண்டில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் டிஸெபிலிடி பென்ஷன்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் வலி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நாற்பது பெர்ஸென்ட் என்று அவர்களே ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்! காரணத்தைத்தான் மறுத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் அப்பீல் “எனக்கு ரொம்ப வலிக்கிறது” என்று ஆரம்பிக்கக் கூடாது. “இந்த வலி எங்கிருந்து வந்தது?” என்பதைத்தான் அது பேச வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் பக்கம் பக்கமாகக் கஷ்டத்தை எழுதி அனுப்பி, ‘பரிசீலித்தோம், மாற்றமில்லை’ என்று ஒரு வரிப் பதில் வாங்கியவர்கள் உண்டு.

வேறு சிலருக்கு நிலைமை தலைகீழ். படைப்பணிதான் காரணம் என்று ஒப்புக்கொண்டு, பெர்ஸென்ட்டை இருபதுக்குக் கீழே, பதினைந்து என்றோ பத்தொன்பது என்றோ போட்டிருப்பார்கள். அவர்கள் கேட்க வேண்டியது மறுபடி உடம்பைப் பார்க்கும் அப்பீல் மெடிக்கல் போர்டு. எந்த வரியை எதிர்க்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பேனாவை எடுங்கள்.

“நாற்பது பெர்ஸென்ட்டுக்கு அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது?” என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முழு ஊனத்துக்கு, அதாவது 100 பெர்ஸென்ட்டுக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 பெர்ஸென்ட் என்பது கணக்கு. ஒரு பேச்சுக்கு அந்தச் சம்பளம் 42,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100-க்கு 12,600. 40-க்கு 5,040. இதோடு நிற்கவில்லை. 20-லிருந்து 50-க்குள் இருந்தால் அதை 50 என்றும், 50-லிருந்து 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் ஒரு முறை உண்டு. உடம்பு முடியாமல் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் முதலில் இதைக் கொடுத்தார்கள். காலம் முடித்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் என்பவரின் வழக்கில் 2014 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதன்படி 40 என்பது 50 ஆகி, மாதம் 6,300 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி. இது ஏற்கெனவே வருகிற பென்ஷனுக்கு மேலே வருவது. ஒரு பெண்ணின் காலேஜ் செலவுக்கு ஆகாதா என்ன? தானாக உயர்த்திக் கொடுத்துவிடுவார்கள் என்று இருந்துவிடாமல் மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.

(இந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்காரரைப் போல முன்னரே வெளிவந்தவர்களுக்கு. 2023 செப்டம்பர் 21-லிருந்து புது விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ரிலீஸ் ஆனவர்கள் அந்த விதிகளைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.)

இனி தோளுக்கும் முதுகுக்கும் வருவோம். இது வீட்டையும் ஆரோக்கியத்தையும் பற்றிய பத்திரிகை ஆயிற்றே!

தோள் மூட்டு நம் உடம்பிலேயே அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு. அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. இடுப்பு மூட்டு கிண்ணத்தில் வைத்த உருண்டை போல ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோளோ, சின்னக் கரண்டியின் நுனியில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. சுற்றியுள்ள சவ்வும் தசையும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு தடவை கழண்டால் அந்தச் சவ்வு கிழிந்தோ தளர்ந்தோ போகிறது. அப்புறம் இரண்டாவது தடவைக்குப் பெரிய அடி வேண்டாம். சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே போதும். சின்ன வயதில் முதல் தடவை கழண்டவர்களுக்கு மறுபடி கழளும் வாய்ப்பு இன்னும் அதிகம். அந்த முதல் தடவை எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது நடந்தது என்பதுதான் உங்கள் கேஸின் உயிர்நாடி. கயிறு ஏறும்போதா, தடை தாண்டும் பயிற்சியிலா, யூனிட் வாலிபால் மைதானத்திலா? யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டும் பி.டி.யும் ‘டூட்டி’ கணக்கில்தான் வரும். விளையாட்டில் பட்ட அடிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

முதுகு வேறு கதை. முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே மெத்தென்ற சரக்கு. நம் பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருந்தால் மேல்மாவு விரிந்து பூரணம் எட்டிப் பார்க்கும் அல்லவா? அப்படி எட்டிப் பார்ப்பது பக்கத்தில் போகும் நரம்பில் பட்டால் இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இழுக்கும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்-4, எல்-5 என்றெல்லாம் எழுதியிருப்பது எந்தத் துண்டுக்கு நடுவே என்பதற்கான அடையாளம். இது பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி, மலைப்பாதை, குலுங்கும் லாரி என்று வருஷக்கணக்கில் சேர்ந்து வருவது. அதனால்தான் போர்டும், “இது வயசானால் யாருக்கும் வருகிற தேய்மானம்” என்று எளிதாக எழுதிவிடுகிறது. ‘படைப்பணியால் அதிகமானது’ என்ற வார்த்தை முதுகுக்காரர்களுக்கு எத்தனை முக்கியம் என்று இப்போது தெரிகிறதா? உண்டானது என்று காட்ட முடியாவிட்டாலும், இருந்தது மோசமானதற்குப் படைப்பணி காரணம் என்றால் அதுவும் போதும்.

சரி, போர்டு என்ன காரணம் எழுதியிருக்கிறது? தம்பி பெண்ணிடம் அந்தப் பாரத்தைக் கொடுத்து, ‘காரணம்’ என்ற இடத்தை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அநேகமாக, “பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்தது, ஆகையால் சம்பந்தமில்லை” என்றிருக்கும். பீஸ் ஸ்டேஷன் என்றால் ஏதோ ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த மாதிரி! அங்கே மட்டும் ஓட்டமும் பாரம் தூக்குவதும் கிடையாதா? ராணுவ மருத்துவப் பணிக்கான 1983-ஆம் வருஷத்து விதிகளில் 423-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. காரணம் போர்முனைப் பகுதியில் ஏற்பட்டதா, சாதாரண அமைதிக் காலப் பணியில் ஏற்பட்டதா என்பது முக்கியமில்லை என்பதுதான் அதன் சாரம். உங்கள் அப்பீலில் இந்த விதி எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அடுத்தது இன்னும் பலமான ஆயுதம். பட்டாளத்தில் சேரும்போது தலை முதல் கால் வரை சோதித்து, ‘ஃபிட்’ என்று முத்திரை குத்தித்தானே எடுத்தார்கள்? அப்போது தோளிலோ முதுகிலோ ஒரு குறையும் எழுதவில்லையே! சேரும்போது குறிப்பு எதுவும் இல்லை, வெளியே வரும்போது கோளாறு இருக்கிறது என்றால், நடுவில் படைப்பணியில்தான் அது வந்தது என்று அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு ராணுவத்துடையது. தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. அந்தச் சிப்பாய்க்கு வந்தது வலிப்பு நோய். ஆனால் தோளுக்கும் முதுகுக்கும் அப்பீல் செய்கிறவர்களும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். போர்டு சரியான காரணம் எழுதாமல் வெறுமனே ‘சம்பந்தமில்லை’ என்று முடித்துவிட்டால், அதை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று 2025 மே மாதத்திலும் அதே கோர்ட் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். லீவில் வந்து சகோதரி வீட்டு மாடியிலிருந்து விழுந்த ஒரு ஜவானின் வழக்கில், படைப்பணிக்கும் அந்த விழுகைக்கும் தொடர்பே இல்லை என்று 2015-ல் கோர்ட் மறுத்துவிட்டது. லீவுக்கு வருகிற, திரும்புகிற பயணம் வேறு. லீவில் வீட்டில் நடப்பது வேறு. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். தோள் முதலில் கழண்டது ஊரில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்தபோது என்றால், ‘பயிற்சியில்’ என்று மாற்றி எழுதினால் மெடிக்கல் ஷீட்டே காட்டிக் கொடுத்துவிடும்.

காகிதங்களுக்கு வருவோம். டிரங்குப் பெட்டியை மறுபடியும் திறந்து, ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கை, டிஸ்சார்ஜ் புத்தகம், மறுப்புக் கடிதம், பி.பி.ஓ. ஆகிய நான்கையும் தனியே எடுங்கள். அடிபட்ட சமயத்தில் யூனிட்டில் ‘இஞ்சுரி ரிப்போர்ட்’ எழுதியிருப்பார்கள். ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்று அந்தப் பாரத்துக்குப் பெயர். அது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ராணுவ ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன டிஸ்சார்ஜ் சீட்டு, ‘லோ மெடிக்கல் காட்டகிரி’க்கு இறக்கிய உத்தரவு, எந்தெந்த வருஷம் எங்கே போஸ்டிங் என்ற விவரம், இவையும் வேண்டும். கையில் இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். அவருடைய மருத்துவக் குறிப்பை அவரே கேட்பதால் மனு அவர் பெயரில், அவர் கையெழுத்தில் போக வேண்டும்.

நம்மூர்ப் பழக்கம் ஒன்று இந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது. லீவில் வந்தபோது தோள் கழண்டால் நேரே கட்டுக் கட்டுகிறவரிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, “சரியாப் போச்சு” என்று திரும்பிவிடுகிறோம். கட்டின் குணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட மிஞ்சுவதில்லையே! ரிலீஸ் ஆன பிறகாவது, ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் தோளையும் முதுகையும் காட்டிச் சீட்டு வாங்கி, தேதி வாரியாகக் கோத்து வையுங்கள்.

இனி, நீங்கள் பயப்படுகிற அந்த இரண்டு வருஷம். மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் என்பது விதி. அது ரெக்கார்ட் ஆபீஸ் மூலமாக முதல் அப்பீல் கமிட்டிக்குப் போகும். அங்கேயும் மறுத்தால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். காலம் கடந்தால், ஏன் கடந்தது என்ற காரணத்தோடு தாமதத்தை மன்னிக்கும்படி சேர்த்துக் கேட்க வேண்டும். இங்கிலீஷ் கடிதம் புரியவில்லை, அப்பீல் உரிமையை எடுத்துச் சொல்ல ஆளில்லை, நடுவில் வைத்தியத்தில் இருந்தார் என்று எது உண்மையோ அதை எழுதுங்கள். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் கையில்.

அவர்கள் ஏற்காவிட்டாலும், அப்பீல் போட்டு ஆறு மாதமாகப் பதிலே இல்லாவிட்டாலும், ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்து 2009-லிருந்து நடந்து வருவது. சென்னையிலேயே அதற்கு ஒரு பெஞ்சு உண்டு, டில்லிக்கு ஓட வேண்டாம். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அதற்கும் இருக்கிறது.

இதில் ஆறுதலான ஒரு விஷயம். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது. கொடுக்காமல் விட்டால் அந்தத் தவறு மாதாமாதம் தொடர்கிறது என்று கோர்ட் பார்க்கிறது. தர்செம் சிங் என்பவர் 1983-ல் உடம்பு முடியாமல் பட்டாளத்தை விட்டு வந்து 1999-ல்தான் கோர்ட்டுக்குப் போனார். பதினாறு வருஷம்! பென்ஷன் கிடைத்தது. ஆனால் வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருஷ பாக்கி மட்டும்தான் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் முடிவு கட்டியது. தாமதித்தால் உரிமை செத்துவிடாது. பாக்கிப் பணம்தான் வருஷா வருஷம் கரைந்துகொண்டே போகும். தவிரவும், 2008-ஆம் வருஷ விதிகளின்படி சாதாரணமாக மனுதாரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ரிலீஸ் ஆகிப் பதினைந்து வருஷம் கழித்து முதல் தடவையாகக் கேட்டால் நிரூபிக்கிற பாரம் அவர் தலையில் ஏறிவிடும். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டம் இன்னும் வெகு தூரம்.

சட்டமெல்லாம் சொல்லியாயிற்று. இதைவிடக் கஷ்டமானது அவரைச் சம்மதிக்க வைப்பது!

“நொண்டின்னு மனு போடுவானா?” என்று அவர் கேட்பதில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்திரண்டு வருஷம் முதுகை நிமிர்த்தி நின்ற மனுஷர். மேலதிகாரி “எப்படி இருக்கே?” என்றால், “நல்லா இருக்கேன், ஸார்!” என்று சொல்லியே பழகிய நாக்கு. மெடிக்கல் போர்டிலும் அந்த நாக்கு மாறுவதில்லை. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு காது வரைக்கும் தூக்கிக் காட்டிவிடுவார். டாக்டர் கோணத்தை அளந்து எழுதிக்கொள்வார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அதே கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறவள் யார்? அது அந்தப் பாரத்தில் எங்கேயும் இருக்காது.

அவரிடம் சண்டை போடாதீர்கள். நிம்மதியான ஒரு சாயங்காலமாகப் பார்த்துச் சொல்லுங்கள். “உங்களை நொண்டின்னு யாரும் சொல்லலை. இருபத்திரண்டு வருஷம் உழைச்ச தோளுக்குச் சேர வேண்டியதைத்தானே கேட்கறோம். சம்பளத்தை விட்டுக் குடுப்பீங்களா?” உண்மையும் அதுதானே. இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. கை நழுவின சம்பளப் பாக்கி மாதிரிதான்.

அவர் சரி என்றதும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினம் இரண்டு வரி எழுதினால் போதும். ‘குடம் தூக்க முடியலை.’ ‘பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் பிடித்தார்.’ ‘அரை மணி உட்கார்ந்ததும் கால் மரத்துப் போச்சு.’ ‘பனியன் நான்தான் மாட்டி விட்டேன்.’ நல்லா இருந்த நாளும் உண்டென்றால் அதையும் எழுதுங்கள். நோட்டு என்னவோ சட்டப்படி பெரிய சாட்சி இல்லைதான். ஆனால் அப்பீல் மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டால் அதற்கு முந்தின ராத்திரி அவர் அதைப் படித்துவிட்டுப் போகலாம். வலி எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதோ அங்கேயே கையை நிறுத்தி, “இதுக்கு மேல வலிக்குது, ஸார்” என்று சொல்லச் சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் கூடாது. டாக்டர்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றுகிற விதத்திலேயே அவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும்!

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நிரந்தரமான ஊனத்துக்குப் போர்டு போடும் பெர்ஸென்ட் 2001-க்குப் பிறகு ஆயுசுக்கும் அதுவேதான். சம்பந்தப்பட்டவரே கேட்டால்தான் மறுபரிசோதனை. கேட்டால் பெர்ஸென்ட் ஏறத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை, இறங்கவும் இறங்கலாம். உங்களுக்கு 40 என்பதில் தகராறே இல்லாதபோது, காரணத்தை மட்டும் எதிர்த்து எழுதுவதுதான் என் அபிப்பிராயம்.

மனு எழுதுகிறேன் என்று வருகிற புரோக்கர்களிடம் ஜாக்கிரதை! வரப்போகிற பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு என்று ஒப்பந்தம் எழுதி வாங்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். அசல் காகிதம் எதையும் வெளியே விடாதீர்கள், நகல் போதும். மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. முதலில் அங்கே உதவி இயக்குநரைப் பாருங்கள். அப்பீலை எப்படி எழுதி எந்த வழியாக அனுப்புவது என்று சொல்வார்கள். படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி என்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே உதவி மையம் வைப்பது அதன் ஏற்பாடு. உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த நாளில் வக்கீல் வருகிறார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பீலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை அந்த நாற்பது பக்க நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

பென்ஷன் வருகிறபோது வரட்டும். முதுகைக் கவனிப்பதை அதற்காகத் தள்ளிப் போடக் கூடாது. குழிந்து தொங்குகிற கயிற்றுக் கட்டிலை விட்டுக் கெட்டியான படுக்கைக்கு மாறட்டும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இழுப்பு குறையும். நாள் கணக்கில் படுத்தே கிடப்பதும் நல்லதில்லை, முடிந்த அளவு நடக்கட்டும். தோளுக்கு, பிஸியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சி தவிர வேறு எதையும் யூடியூபைப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலும், சிறுநீர் கழிக்கவே முடியாமல் நின்றுபோனாலும், தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நரம்பு கொத்தாக நசுங்குவதற்கு அது அடையாளம். காலை வரை காத்திருக்கக் கூடாது.

போளூரிலிருந்து எழுதிய சகோதரி கேட்டிருக்கும் குடும்ப பென்ஷன் விஷயத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் அவர் பி.பி.ஓ.வைத் தேடி எடுத்து, அதில் தன் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்து வைக்கட்டும்.